செகண்டும் சமயமும்

காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘செகண்ட்’ என்பது இன்று நம் வீடுகளிலும் தமிழ்ச் சொல்லைப் போலவே வழங்குகிறது. ஆயினும் அதற்குப் பொருள் ஒன்றன்று. ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளையும் செகண்ட். கூட்டத்தில் ஒருவர் கொணர்ந்த தீர்மானத்தை மற்றொருவர் வழிமொழிவதும் செகண்ட். கோண அளவில் ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கும் செகண்டே. இவை தம்முள் தொடர்பற்றவை அல்ல. ஒரு மணியை அறுபதாகப் பகுத்த முதற் சிறு பகுப்பு நிமிடம். அதனை மீண்டும் அறுபதாகப் பகுத்தது இரண்டாம் சிறு பகுப்பு. ‘இரண்டாவது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே இவ்வாறு காலத்தின் பெயராயிற்று. 1967-ஆம் ஆண்டு முதல், சீசியம் அணுவின் கதிர்வீச்சு 919,26,31,770 முறை அலையும் நேரமே ஒரு செகண்ட் என அறிஞர் வரையறுத்துள்ளனர். ‘ஒரு செகண்ட் இரு’ என்னும்போதோ அளவே இல்லை. சமையலறையிலிருந்து வரும் அந்த ஒரு செகண்ட் பெரும்பாலும் கால் மணியாகும்.

அறப்பாடம் கற்பிக்கும்போது ‘சமயம்’ என்னும் சொல்லுக்குச் ‘செகண்ட்’ என்று பொருள் சொல்லி எளிதாகக் கடந்துவிடுவோர் உளர். அது பொருந்தாது. ஒரு பரமாணு மந்த கதியில் ஓர் ஆகாயப் பிரதேசத்திலிருந்து அடுத்த பிரதேசத்திற்குச் செல்லும் நேரமே ஒரு சமயம். அதற்குமேல் பகுக்க இயலாது. செகண்டைப் பகுக்கலாம், அறிவியலார் நாள்தோறும் பகுக்கின்றனர். எண்ணிலடங்காச் சமயங்கள் கூடி ஓர் ஆவலி. ஆவலிகள் பல கூடி ஓர் உச்சுவாசம். 7 உச்சுவாசம் ஒரு ஸ்தோகம். 7 ஸ்தோகம் ஒரு லவம். முப்பத்தெட்டரை லவம் ஒரு நாழிகை. 2 நாழிகை ஒரு முகூர்த்தம். பெருக்கிப் பார்த்தால் முகூர்த்தத்திற்கு 3773 உச்சுவாசம் வரும். முகூர்த்தம் 48 நிமிடம் ஆதலின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 79 ஆகிறது. இது நாம் மூச்சுவிடும் கணக்கைவிட நாடித் துடிப்பின் கணக்கிற்கே நெருங்கி நிற்பதைக் காண்க. பிள்ளைகளைத் தம் மணிக்கட்டைத் தொட்டு எண்ணச் செய்தால் இவ்வாய்பாடு மறவாது.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் இதன் தேவை விளங்கும். ‘அவர் உயிர் இப்போது எங்கே அலைகிறதோ’ என்று வருந்துவோருக்கு ஆகமம் தரும் விடை இச்சொல்லில் அடங்கியுள்ளது. உடலை நீத்த உயிர் நேர்கதியில் சென்றால் ஒரே சமயத்தில் அடுத்த பிறவியிடத்தை அடைகிறது. திருப்பமுள்ள விக்கிரக கதியிலும் திருப்பம் மூன்றுக்கு மேல் இல்லை; நான்காம் சமயத்தில் புதுப் பிறவி எய்திவிடுகிறது. ஆதலின் பல நாள் பசியோடு வாயிலில் நிற்கும் உயிர் என ஒன்று ஜினதர்மத்தில் இல்லை. துயருற்றோர் ஆறுதலுக்காகச் செய்வனவற்றை நான் குறை கூறவில்லை. ஆயினும் அச்சத்தினால் செய்ய வேண்டியதில்லை. வினையனைத்தும் நீங்கிய சித்தரும் ஒரே சமயத்தில் உலகின் உச்சியை அடைகின்றனர். இவ்விடங்களில் எல்லாம் ‘செகண்ட்’ என்று படித்தால் நூற்பொருள் சிதையும்.

இனி, இதே சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள்களும் உண்டு. ‘சமயம் பார்த்துப் பேசினான்’ என்பதில் அது வாய்ப்பு. நீலகேசிக்கு வாமன முனிவர் வரைந்த உரைக்குச் ‘சமய திவாகரம்’ என்று பெயர். அங்கே சமயம் கொள்கை நெறி. இவ்விரண்டும் யாவரும் அறிந்தவை.

தடுமாற்றம் மிகுவது ஆசாரிய குந்தகுந்தரின் ‘சமயசாரம்’ என்னும் நூற்பெயரில்தான். மதங்களின் சாரம் என்பர் சிலர். காலத்தின் சாரம் என்பர் சிலர். அங்கே சமயம் என்பது ஆன்மா. ஒருங்கே அறிவதும் பரிணமிப்பதும் ஆன்மாவின் இயல்பு ஆதலின் அப்பெயர் பெற்றது என அமிர்தசந்திரர் உரை கூறும். காட்சி, ஞானம், ஒழுக்கம் ஆகிய தன்னியல்பில் நிலைத்து நிற்பது சுவசமயம். வினைவயப்பட்டு நிற்பது பரசமயம். பரசமயம் என்பதைப் பிறர் மதம் என்று கொண்டு அந்நூலைப் படிப்பவர், அது அண்டை வீட்டாரைக் குறித்த நூல் என்றே எண்ணுவர். ஆசாரியர் அங்கே பேசுவது படிப்பவரின் சொந்த ஆன்மாவைப் பற்றி.

சாமாயிகம் என்பதும் இச்சொல்லிலிருந்து பிறந்ததே. ‘சம்’ என்னும் முன்னொட்டுக்கு ஒன்றாதல் என்று பொருள். ‘அய’ என்பது செல்லுதல். தன்னுள் ஒன்றிச் செல்லுதல் சமயம், அதுவே சாமாயிகம். அதற்குக் குறைந்த அளவாக வகுத்தது 2 நாழிகை. மேற்கண்ட வாய்பாட்டின்படி அது ஒரு முகூர்த்தம்.