லேபிளில் எழுதாத வேலைகள்

அன்புள்ள தங்கைக்கு,

நரம்பு மருந்தியலில் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மிகுந்த மகிழ்ச்சி. இனி சில வருடங்களுக்கு உன் கையில் புழங்கப்போவது சின்னச் சின்னக் குப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயரும் ஒரு வேலையும் எழுதியிருக்கும். இது டோபமைன் ஏற்பியை அடைக்கும், இது செரோட்டோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்று. அந்த வேலை பொய்யில்லை. ஆனால் அந்த மருந்து செய்யும் வேலை அது ஒன்றுதான் என்று மட்டும் எண்ணிவிடாதே. இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான்.

ரிசர்பைனின் வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் படி. சர்ப்பகந்தி வேர் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கியது. அது ரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிப்பதாகக் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் 1931இல் எழுதினார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949இல் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் மேலைநாடுகள் அதைத் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. மூன்று வருடம் கழித்து, அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகத்தில், ரிசர்பைன் கொடுத்த விலங்கின் மூளையில் செரோட்டோனின் வற்றிப்போவதைக் கண்டுபிடித்தார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. ஒரு மருந்துக்கும் மூளையிலுள்ள ஒரு வேதிப்பொருளுக்கும் இருந்த தொடர்பு கண்ணுக்குத் தெரிந்தது. விலங்கு அசையாமல் கிடக்கிறது, மூளையில் செரோட்டோனின் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அந்த ஆய்வகத்தில் சில மாதம் வேலை பார்த்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய அர்விட் கார்ல்சனுக்கு வேறொரு கேள்வி இருந்தது. செரோட்டோனின் தவிர இந்த மருந்து இன்னும் எதையெல்லாம் காலி செய்கிறது? தேடிப் பார்த்தால், நார்அட்ரினலினும் தீர்ந்துபோயிருந்தது. 1957இல் அவரும் சகாக்களும் செய்த சோதனையை நீ மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரிசர்பைன் கொடுத்த முயல்கள் காது தொங்கி, உடல் குறுகி, கிடந்த இடத்திலேயே கிடந்தன. செரோட்டோனினோ நார்அட்ரினலினோ ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அவை எதிலிருந்து உண்டாகின்றனவோ அந்த மூலப்பொருள்கள் நுழையும். செரோட்டோனினின் மூலப்பொருளைக் கொடுத்தார்கள், முயல்கள் எழவில்லை. மற்றதன் மூலப்பொருளான எல்-டோபாவைக் கொடுத்தார்கள், சிறிது நேரத்தில் காதை நிமிர்த்தி எழுந்து நடமாடின.

எல்-டோபாவிலிருந்து நார்அட்ரினலினும் உண்டாகும். எனவே நார்அட்ரினலின் திரும்பிவந்துவிட்டது என்று எழுதி முடித்திருக்கலாம். அவர்கள் அதையும் அளந்தார்கள். எழுந்து நடமாடிய விலங்குகளின் மூளையில் நார்அட்ரினலின் மீளவில்லை. அப்படியானால் எழுப்பியது எது? நார்அட்ரினலின் தயாரிப்பில் ஓர் இடைநிலைப் பொருள், அவ்வளவுதான் என்று பலரும் எண்ணியிருந்த டோபமைன். மறு வருடமே அது மூளையில் இருப்பதையும், ரிசர்பைனால் மறைவதையும், எல்-டோபாவால் மீள்வதையும் அளந்து காட்டினார்கள். 1960இல் லண்டனில் கூடிய கருத்தரங்கில் மூத்த அறிஞர்கள் பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். அதே ஆண்டு வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் ஏரிங்கரும் பார்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் குன்றியிருந்ததைக் காட்டினார்கள். 1961இல் நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுக்கப்பட்டது. கார்ல்சனுக்கு நோபல் பரிசு வர 2000 வரை ஆயிற்று.

ரிசர்பைனை மட்டும் வைத்துக்கொண்டு இந்த விடைக்கு வந்திருக்கவே முடியாது. நரம்பு முனையில் இந்த வேதிப்பொருள்களைச் சிற்றறைகளுக்குள் ஏற்றும் புரதத்தை அது அடைக்கிறது; மூன்றுக்கும் ஏற்றும் புரதம் ஒன்றே, அதனால் மூன்றும் காலியாகின்றன. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்ததும், திருப்பிக் கொடுத்த பிறகு மறுபடி அளந்ததும்தான் அவர்களை டோபமைனிடம் கொண்டுசேர்த்தன.

உன் மேசைக்கு வருவோம். கீட்டான்செரின் என்றால் செரோட்டோனின் ஏற்பித் தடுப்பான் என்றுதான் குப்பி சொல்லும். அது ஆல்ஃபா-1 அட்ரினலின் ஏற்பியையும் ஹிஸ்டமின் ஏற்பியையும் பிடிக்கும். எலி அடங்கியிருந்தால் ரத்த அழுத்தம் இறங்கியதாலா, தூக்கமா, செரோட்டோனினா? வேதிக் கட்டமைப்பில் தொடர்பில்லாத இன்னொரு தடுப்பானிலும் அதே விளைவு வருகிறதா என்று பார்க்காமல் ஒரு வரி எழுதாதே. ஒரே டோஸில் நிறுத்தாதே. டோஸ் ஏற ஏற எந்த மருந்தும் தன் இலக்கை விட்டு வெளியே போகும்.

டோபமைன் நரம்புகளை அழிக்கும் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் ஊசி போடும் நாள் வரும். உப்புநீரில் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து அதில் கரை. ஐஸில் வை, வெளிச்சம் படாமல் மூடு. கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் அது ஆக்ஸிஜனேறிக் கெட்டுவிட்டது; எவ்வளவு விலையானாலும் கொட்டிவிடு. இது நார்அட்ரினலின் நரம்புகளையும் அழிக்கும். டோபமைன் நரம்பை மட்டும் அழிப்பது உன் நோக்கமானால் முன்கூட்டியே டெசிப்ரமின் கொடுத்து மற்றதைக் காப்பாற்று. ரிசர்பைன் தண்ணீரில் கரையாது, அசெட்டிக் அமிலம் தேவைப்படும். அந்த அமிலமே விலங்கை வாட்டும். ஆகவே மருந்தில்லாமல் அதே கரைப்பானை மட்டும் பெறும் குழு கட்டாயம் வேண்டும். விலங்கு நெறிக்குழு அத்தனை விலங்கு எதற்கு என்று கேட்டால், குழுவைக் குறைக்காதே. காரணத்தைப் பொறுமையாக விளக்கு. பயனற்ற சோதனையில் சாகும் விலங்குதான் வீணான உயிர்.

இன்னொன்று. அளவு மாறவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணாதே. 1963இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்டும் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்துகளைக் கொடுத்து எலிகளின் மூளையை ஆராய்ந்தபோது டோபமைன் அளவு பெரிதாக மாறவில்லை. அது சிதைந்து உண்டாகும் பொருள்தான் கூடியிருந்தது. இந்த மருந்துகள் ஏற்பியை அடைப்பதால் நரம்பு அதிகமாக வேலை செய்கிறது என்று அதிலிருந்துதான் ஊகித்தார்கள். சேமிப்பு வேறு, புழக்கம் வேறு.

கடைசியாக, உன் உடம்பு. 1982இல் கலிஃபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசி போட்டுக்கொண்ட சிலர் பார்கின்சன் நோயாளிகளைப்போல உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சு இன்று நம் ஆய்வகங்களில் எடை போடப்படுகிறது. எலி அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும், மனிதன் தாங்கமாட்டான். வாயு உறிஞ்சும் கூண்டு, கையுறை, முகக்கவசம் இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்காதே. வழிகாட்டியே அவசரப்படுத்தினாலும் திறக்காதே.

முதல் சோதனையின் திட்டத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. எத்தனை குழு, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கரைப்பான், எத்தனை டோஸ், உறுதிப்படுத்த இரண்டாவது மருந்து எது என்று தெளிவாகக் குறிப்பிடு. ஒரு வாரத்துக்குள் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா