சண்டை மீனுக்கு ஒரு மறைப்பு

காணியில்லாமல், கொட்டிலின் ஓரத்திலேயே செய்யக்கூடியது அலங்கார மீன் வளர்ப்பு. ஆனால் சண்டை மீன் வாங்குவோர் பலர் முதல் வாரத்திலேயே நட்டப்படுகின்றனர். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் மறுநாள் கிழிந்த செட்டைகளே மிஞ்சும். நாமும் இப்படி இழந்திருக்கிறோம்.

தாய்லாந்தின் வயல்நீரிலும் சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் இது. ஒவ்வோர் ஆணும் தனக்கென இடம்பிடித்து, குமிழிகளை ஊதி நுரைக்கூடு கட்டும். அங்கே வரும் இன்னோர் ஆண் அதற்குப் பகைதான். ஒரே மண்டபத்தைச் சேலையால் பிரித்து மாதக்கணக்கில் வாழ்ந்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே ஆண் ஒன்றுக்கு ஒரு போத்தல். இம்மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிப்பதால் வாய் அகன்ற போத்தல் போதும். கழுத்துவரை நீர் நிரப்பாதீர்கள், மூடியில் துளையிடுங்கள். போத்தல்களுக்கிடையே மட்டை வையுங்கள். இல்லையேல் நாள்முழுதும் ஒன்றையொன்று பார்த்துச் செட்டை விரித்தே களைத்துவிடும். உணவுக்கு நுளம்புக் குடம்பி நல்லது.

குஞ்சு பெறும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். பெண்மீனை ஆணின் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிப் போத்தலில் வைத்து, ஓரிரு நாட்கள் பார்க்கவிடுங்கள். ஆண் கூடு கட்டியபின் பெண்ணைத் திறந்துவிடலாம்; அது ஒளிந்துகொள்ள நீர்த்தாவரமோ வாழைச்சருகோ இருக்கட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை அகற்றுங்கள். தாமதித்தால் ஆண் அதைக் கொன்றுவிடக்கூடும். முட்டைகளைக் காப்பது தகப்பன்தான். கீழே விழுவதை வாயால் கவ்விக் கூட்டில் வைக்கும். முட்டைகள் 1 அல்லது 2 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் தாமாக நீந்தியதும் தகப்பனையும் எடுத்துவிடுங்கள்.

2, 3 மாதங்களில் ஆண்குஞ்சுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். அன்றைக்குப் போத்தல் தேடி ஓடாமல், இப்போதே பழைய ஜாம் போத்தல்களைச் சேர்த்து வையுங்கள்.