மலைச்சரிவும் மேல்மண்ணும்

நாம் உண்ணும் கீரையும் காய்கறியும் நிலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்திலுள்ள மண்ணிலிருந்தே பெரும்பாலும் ஊட்டம் பெறுகின்றன. இதனை மேல்மண் என்பர். மக்கிய இலையும் மண்புழுவும் நுண்ணுயிரும் கலந்த இம்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். செடிகொடி இல்லாத சரிவில் அது கரைந்து போவதற்குச் சில மழைக்காலங்களே போதும்.

நம் நாட்டு மழை கொட்டும் மழை. அதன் துளி வெறுந்தரையில் விழும்போது மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அத்தூள் மண்ணிலுள்ள சிறு துளைகளை அடைத்துவிடுவதால், நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. மண்ணையும் எருவையும் உடன் கொண்டு செல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில், ஒரு புல்லும் தலைகாட்டாதபடி தரையைச் சுரண்டி வைப்பதே வழக்கமாயிருந்தது. நம் முன்னோர் பலர் இவ்வேலையில் முதுகு வளைந்தனர். துரைமார் கண்ணுக்கு அது துப்புரவாகத் தோன்றியது; குன்றுகளின் மேல்மண்ணோ ஆற்றுக்குப் போயிற்று. பின்னரே சரிவில் மேடை வெட்டி, மரநிரைகளுக்கிடையே அவரை இனக் கொடிகளைப் படரவிடும் முறை பரவியது. அக்கொடி மழைத்துளியின் அடியைத் தான் தாங்கிக்கொள்கிறது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகின்றன. தோட்டப்புறத்துப் பெற்றோருக்கு இக்கொடி புதிதன்று.

ரப்பர்த் தோட்டம் கற்ற இப்பாடம் காய்கறித் தோட்டத்திற்கு இன்னும் முழுமையாக எட்டவில்லை. கேமரன் மலையின் முட்டைக்கோசும் தக்காளியும் நம் சமையலறைக்கு வருகின்றன. அங்குக் காடழித்துத் திருத்திய சரிவுகளில் அரிக்கப்பட்ட மண், ரிங்லெட்டில் 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தை மண் பிடித்துக்கொண்டது. மலைநிலங்களைக் காக்க 1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும் இந்நிலை என்பது வருந்தத்தக்கதே. மேல்மண் இழந்த சரிவில் விளைச்சல் குறைகிறது. உழவர் மேலும் மேலும் உரம் வாங்கிப் போடுகிறார். அச்செலவு காய்கறி விலையில் ஏறுகிறது.

மாணவர்களே, இரண்டு பலகைப் பெட்டிகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புல்லைப் பதியுங்கள். மற்றொன்றை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் சரித்து வைத்து, பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றி, வழியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். மறுநாள் காலையில் குவளைகளின் அடியில் தங்கிய மண்ணை அடிக்கோலால் அளந்து எழுதி வையுங்கள்.