லேப்டாப்பில் டிவி பார்க்கணுமா? கடைக்குப் போகும் முன் ஒரு நிமிஷம்!

இன்னொரு டிவி வைக்க இடமில்லாத ஃபிளாட், மகள் தங்கியிருக்கும் பி.ஜி. அறை, படுத்தபடியே சேனல் பார்க்க விரும்பும் மாமியார்... கையிலிருக்கும் லேப்டாப்பிலேயே டிவி தெரிந்துவிட்டால் எவ்வளவு செலவு மிச்சம்! 'டிவி ட்யூனர்' வாங்கலாமா என்று யோசிக்கும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தோழிகளுக்காக இதோ சில குறிப்புகள்.

1. முதலில் வீட்டுக்குள் எந்த ஒயர் வருகிறது என்று பாருங்கள். கட்டணச் சேனல்களுக்கு 2003 செப்டம்பரிலேயே செட்டாப் பாக்ஸ் வந்த ஊர் நம் சென்னை. இப்போது கேபிள் சேனல்கள் பூட்டுப் போட்டே வருகின்றன. திறப்பது பாக்ஸின் வேலை. கேபிள் ஒயரை நேராக ட்யூனரில் செருகினால் படம் வராது.

2. அதனால் கேபிளோ டிடிஎச்சோ உள்ள வீட்டுக்கு ட்யூனரே வேண்டாம், யுஎஸ்பி 'வீடியோ கேப்சர்' ஸ்டிக் போதும். பாக்ஸிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை அதில் செருகி, ஸ்டிக்கை லேப்டாப்பில் மாட்டினால் ஆயிற்று. சேனலை மாற்றப் பாக்ஸ் ரிமோட் இருக்கவே இருக்கிறது. 'ரிமோட்டோடு வரும்' என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. சில பாக்ஸ்களில் மூன்று ஓட்டைக்குப் பதிலாக ஹெட்ஃபோன் மாதிரி ஒரே ஓட்டைதான் இருக்கும். அதற்கான ஒயரை வெளியே வாங்கி, படம் வரவில்லையென்றால் தூக்கிப் போடாதீர்கள். சிவப்பு, வெள்ளை முனைகளையும் மஞ்சள் இடத்தில் மாற்றிச் செருகிப் பாருங்கள், பல நேரம் படம் வந்துவிடும்.

4. லேப்டாப்பில்தான் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று பாக்ஸை அதில் மாட்டிப் பயனில்லை. அது படத்தை வெளியே அனுப்பும் வழி, உள்ளே வாங்கும் வழி அல்ல.

5. எச்டிஎம்ஐ கேப்சர் ஸ்டிக் என்று தனியாக விற்கிறார்கள், படமும் துல்லியமாக இருக்கும். ஆனால் பல எச்டி பாக்ஸ்கள் நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்போடு வருவதால் திரை கறுப்பாகவே நிற்கலாம். செய்தி, சீரியல் பார்க்கத்தானே? ஏ.வி. ஒயரே போதும்.

6. விஜிஏ ஒயரோடு பெட்டி மாதிரி வரும் ட்யூனர் மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்படாதீர்கள். அது டெஸ்க்டாப் மானிட்டருக்கானது. லேப்டாப் திரையில் தெரியாது.

7. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் ட்யூனர் வாங்கி வரச் சொல்கிறீர்களா? அங்கே ஒளிபரப்பு முறையே வேறு. அந்த ட்யூனர் இங்கே ஆன்டெனா வழியாக ஒரு சேனலையும் பிடிக்காது. அந்த இடத்தில் இரண்டு பாக்கெட் பாதாம் வரட்டும்!

8. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உள்பட 16 நகரங்களில் ஆன்டெனா வழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கான ட்யூனரின் அட்டையில் 'டிவிபி-டி2' என்று இருக்க வேண்டும். வெறும் 'டிவிபி-டி' உதவாது. உங்கள் கண் முன்னே ஓட்டிக் காட்டினால் மட்டும் பணத்தைக் கொடுங்கள். தூர்தர்ஷன் சேனல்கள் மட்டும் போதுமென்றால், 2024 நவம்பரில் வந்த பிரசார் பாரதியின் 'வேவ்ஸ்' ஆப்பை முதலில் பாருங்கள், காசு மிச்சம்.

9. ட்யூனரோ ஸ்டிக்கோ வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய ட்யூனர்களுக்கான டிரைவர் சிடியில் வரும். புது லேப்டாப்பில் சிடி போட இடமும் இருக்காது, விண்டோஸ் 11 அதை ஏற்காமலும் போகலாம். அங்கேயே மாட்டிப் பார்த்து, மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

10. படம் பார்க்கத் தனி சாஃப்ட்வேருக்குப் பணம் வேண்டாம், விஎல்சி பிளேயர் இலவசம். அதில் 'கேப்சர் டிவைஸ்' பகுதியில் வீடியோவோடு ஆடியோவுக்கும் அதே ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் படம் ஓடும், சத்தம் வராது.

11. ஒரே பாக்ஸிலிருந்து டிவிக்கும் லேப்டாப்புக்கும் ஒயர் இழுத்தால் இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும். ஹாலில் சீரியல், அறையில் கிரிக்கெட் என்றால் இரண்டாவது பாக்ஸ் வேண்டும். அதன் மாதக் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

12. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் உப்புக் காற்றில் ஒயர் முனைகள் சீக்கிரம் களிம்பேறும். படம் மங்கினால் புது ஒயர் வாங்கும் முன், பவரை அணைத்துவிட்டு உலர்ந்த பருத்தித் துணியால் முனைகளை அழுத்தித் துடையுங்கள்.

13. பரணில் பழைய ட்யூனர் கிடக்கிறதா? எடைக்குப் போட வேண்டாம்! அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை இருந்து, உங்கள் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டால், விசிஆரை இணைத்துக் கல்யாணக் கேசட், அரங்கேற்றக் கேசட் எல்லாவற்றையும் நீங்களே கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம். ஸ்டுடியோவில் கேசட்டுக்கு இவ்வளவு என்று கேட்கும் காசு அப்படியே மிச்சம். செட்டிங்கில் 'பால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 2 ஜிபி இடம் ஒதுக்குங்கள். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே நாடாவைப் பார்த்துவிட்டே போடுங்கள்; வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தால் ஓட்டவே கூடாது, விசிஆரின் ஹெட்டும் கெட்டு அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.