வண்ணம் சொல்லும் காலம்

உண்மையான சரக்கு இரயில் பெட்டியை 76 மடங்கு சிறிதாக்கி மாதிரி செய்வது பிரிட்டனில் பரவலான பொழுதுபோக்கு. அளவு மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. பெட்டியின் வண்ணமும் எழுத்தும் அதன் காலத்தோடு பொருந்த வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1923-இல் உருவான எல்.எம்.எஸ். இரயில் நிறுவனத்தைப் பார்ப்போம். அதன் சரக்குப் பெட்டிகள் முதலில் சாம்பல் நிறத்தில் இருந்தன. நிறுவனத்தின் பெயர் பெரிய வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டது. 1936 முதல் செம்பழுப்பு நிறமும் சிறிய எழுத்துகளும் வழக்கத்திற்கு வந்தன. எனினும், எல்லாப் பெட்டிகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆகவே, 1938-ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரி இரயிலில் இரு நிறப் பெட்டிகளும் இணைந்திருக்கலாம். 1948-இல் இரயில் நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அதன்பின், அப்பெட்டிகளின் எண்களுக்கு முன் ‘எம்’ என்னும் எழுத்து சேர்க்கப்பட்டது.

இவற்றை அறியப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் உதவும். எழுத்தின் வடிவத்தையும் இடத்தையும் அவை தெளிவாகக் காட்டும். ஆனால், வண்ணத்திற்கு அவற்றை மட்டும் நம்பக்கூடாது. அக்காலப் படச்சுருள்களில் ஒருவகை, சிவப்பைக் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டும். படத்தை மட்டும் நம்புபவர் சிவப்புப் பெட்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசிவிடுவார்! எனவே, ஆய்வாளர்கள் நிறுவனக் குறிப்புகளையும் அருங்காட்சியக வரைபடங்களையும் படங்களோடு ஒப்பிடுகின்றனர்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்கு இத்தனை உழைப்பு எதற்கு? தவறான மாதிரியைப் பார்ப்பவர் அதையே வரலாறு என நம்பிவிடுவார். ஒரே சான்றோடு நின்றுவிடாமல் ஒப்பிட்டு அறிவதே ஆய்வின் முதற்படி.

சிந்தித்துக் கூறுக: உங்கள் வீட்டிலுள்ள பழைய நிழற்படம் ஒன்று எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை எவ்வாறு கண்டறிவீர்கள்?