லினக்ஸ் போட்டுத் தரக் காசு கேட்டால்

"புது லேப்டாப்ல லினக்ஸ் போட்டுத் தர்றதுக்குத் தனியா காசு கேக்கிறாங்க, குடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால், அந்தக் காசு எதற்கு என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ, போடுவது அரை மணி நேர வேலை. ஐஎஸ்ஓ கோப்பு இலவசம். ஒரு பென் டிரைவில் ரூஃபஸ் கொண்டு ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்பினால் மீதியைத் திரையே சொல்லித்தரும். கடைப் பையன் செய்வதும் இதைத்தான். வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு நஷ்டம்: உபுண்டுவில் அதைப் போடும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் விட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

லினக்ஸில் தகராறு வருவது வன்பொருளில். வைஃபை சிப்புக்கு டிரைவர் இருக்காது. மூடி வைத்த லேப்டாப் திறந்தால் எழாது. என்விடியா கார்டு தனிக் கச்சேரி வைக்கும். என் மேசையில் இருக்கும் லேப்டாப்பின் விரல்ரேகைப் பட்டை நாலு வருடமாக வெறும் அலங்காரம். இவற்றையெல்லாம் முன்கூட்டியே சரிபார்த்துத் தருகிறவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை. டெல் 2012இல் உபுண்டுவோடு கொண்டுவந்த எக்ஸ்பிஎஸ் 13 டெவலப்பர் எடிஷன் அந்த வகை. லெனோவோ 2020இல் சில திங்க்பேடுகளை ஃபெடோராவோடு விற்கத் தொடங்கியது. அமெரிக்காவின் டென்வரில் இருக்கும் சிஸ்டம்76க்கு லினக்ஸ் கணினிதான் பிழைப்பே. இப்படிப்பட்டவர்களிடம் சர்வீஸுக்குப் போனால், "விண்டோஸ் போட்டுட்டு வாங்க" என்ற பதில் வராது.

நம் ஊரில் 'டாஸ் மாடல்' என்று விற்பது இந்த வகையில் சேராது. விண்டோஸ் உரிமம் இல்லாததால் விலை குறைகிறது, அவ்வளவுதான். லினக்ஸ் அதில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பண்டிகைத் தள்ளுபடியில் விண்டோஸ் மாடலே மலிவாக வந்துவிடுவதும் உண்டு. இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள்.

சென்னை ரிச்சி தெருக் கடையானாலும் பெரிய ஷோரூமானாலும், உபுண்டு ஏற்றிய பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டெமோ பீஸில் செருகிப் பார்க்க அனுமதி கேளுங்கள். போடாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது, வட்டைத் தொடாது. வைஃபை, புளூடூத், கேமரா, ஒலி, வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் வேலை செய்கிறதா? மூடித் திறந்தால் எழுகிறதா? பத்து நிமிடம் போதும். முடியாது என்று சொன்னால், உபுண்டு வெளியிடும் சான்றளித்த கணினிகளின் பட்டியலில் அதே மாடல் எண்ணைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின், விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். லினக்ஸ் போடும்போது வட்டே கண்ணில் படவில்லையென்றால், பெரும்பாலும் பயாஸில் இருக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அமைப்புதான் காரணம்.

இதெல்லாம் நமக்கு ஆகாது என்பவர்கள் கடைக்காரருக்குச் சின்னத் தொகை கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பதிப்பு என்று மட்டும் கேளுங்கள்: உபுண்டு 24.04 எல்டிஎஸ் என்றால் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவர் வைத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் அங்கேயே சேர்க்கச் சொல்லி, நாலு வரி தட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.