கூடி எழுதும் கருவிகளும் பணியிட ஒற்றுமையும்

முன்னுரை

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் கண்ட பட்டறிவு. கூடி வாழ்தலினும் அரியது கூடி எழுதுதல். ஓர் அலுவலகத்தின் பணிகள் பலவும் எழுத்தின் வழியே நடைபெறுவன. அவ்வெழுத்தினைப் பலரும் ஒருங்கே எழுதவும் திருத்தவும் வழிசெய்யும் இணையக் கருவிகள் இன்று பெருகியுள்ளன. அவை பணியாற்றுவோர்தம் உறவினை எங்ஙனம் மாற்றுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையும் தோற்றமும்

இணைய வலையின் பிறப்பே ஒரு பணியிடச் சிக்கலுக்குத் தீர்வு காண எழுந்ததாகும். ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பன்னாட்டு அறிஞர்கள் பணியாற்றினர். அவருள் பலர் இரண்டாண்டளவில் விடைபெற்றுச் செல்வர். அவர்கள் அறிந்திருந்த நுட்பச் செய்திகளும் அவர்களோடே சென்றுவிடும். இவ்விழப்பினைத் தடுக்கும் திட்டமொன்றை டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சுத் திங்களில் எழுதி அளித்தார். நிருவாக அமைப்பு மரம்போல் கிளைத்திருப்பினும், பணியாளரிடையே நிகழும் உண்மையான தொடர்பு வலைபோல் பின்னிக் கிடக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

1990-இல் அவர் அமைத்த முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றித் திருத்தவும் உதவியது. பின்னர்ப் பரவிய உலாவிகளோ பெரும்பாலும் படிப்பதற்கே பயன்பட்டன. இக்குறையை நிறைவு செய்தது வார்டு கன்னிங்காம் 1995-இல் வெளியிட்ட ‘விக்கி’. படிப்போர் எவரும் அப்பக்கத்திலேயே திருத்தம் செய்யலாம். ஹவாய் மொழியில் ‘விரைவு’ எனப் பொருள்படும் இச்சொல்லே, 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவுக்கும் 2003-இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்புக்கும் பெயராய் நின்றது.

கோப்பும் பொதுப்பக்கமும்

கோப்பு முறையில் வரைவு ஒரு மேசையினின்று மறு மேசைக்குச் செல்லும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். மின்னஞ்சல் காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் படிகளைப் பெருக்கியது. ஒரே அறிக்கைக்கு ஐந்து படிகள் உலவ, அவற்றுள் எது இறுதியானது என்ற ஐயம் எழுந்தது.

2006-இல் வெளிவந்த கூகுள் டாக்ஸ் போன்ற கருவிகளில் படி ஒன்றே, எழுதுவோர் பலர். இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் குழப்பம் நேராதோ எனின், அதற்கும் வழி உண்டு. ஒருவர் ஐந்தாம் இடத்தில் மூன்றெழுத்துகளைச் சேர்க்கும் அதே நேரத்தில், மற்றவர் பத்தாம் இடத்தில் ஒரு திருத்தம் செய்கிறார் எனக் கொள்வோம். கருவி அத்திருத்தத்தைப் பதின்மூன்றாம் இடத்திற்கு நகர்த்திப் பொருத்திவிடும். இவ்வாறு இடம் மாற்றிப் பொருத்தும் முறையினை எல்லிஸ், கிப்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1989-லேயே விளக்கியுள்ளனர்.

தயக்கம் என்னும் தடை

எழுத்துகள் மோதாமல் காக்கக் கருவி வல்லது. மனங்கள் மோதாமல் காக்க அது வல்லதன்று. பழைய கோப்பு முறையில் ஒரு நன்மை இருந்தது. கீழ்நிலை எழுத்தரே முதலில் குறிப்பு எழுதுவார். மேலதிகாரியின் கருத்தை அறியுமுன் தம் கருத்தைப் பதிந்துவிடுவார். பொதுப்பக்கத்திலோ மேலதிகாரி முதலில் ஒரு வரி எழுதிவிட்டால், ஏனையோர் அதனையொட்டியே எழுத நேரும். தவறென அறிந்தும் அவ்வரியைத் திருத்தக் கை நடுங்கும். திருத்தும் உரிமையைக் கருவி எல்லார்க்கும் தருகிறது. திருத்தும் துணிவைத் தருவதில்லை. ஆகவே, இளையோர் முதலில் எழுதவும் மூத்தோர் பின்னர்க் கருத்துரைக்கவும் வழிவகுத்தல் நலம்.

மற்றொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. 2020-இல் கொரோனா நோய்ப் பரவலால் இல்லங்கள் அலுவலகங்களாயின. ஸ்லாக், டீம்ஸ் முதலிய உரையாடற் கருவிகள் பணியைத் தொடரச் செய்தன. எனினும் பணி முடியும் பொழுது எதுவெனத் தெரியாத நிலையும் உண்டாயிற்று. உடனே மறுமொழி தருவதே உழைப்பென்று கருதப்படின், ஆழ்ந்து சிந்திக்கும் பணி தேய்வது உறுதி.

பெயரும் நம்பகமும்

இக்கருவிகளின் தலையாய சிறப்பு அவை காக்கும் திருத்த வரலாறாகும். யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பது அதில் பதிவாகிறது. இதனைக் காணுங்கால் ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் தொடர் நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மொழியென ஒன்று கூறப்பட்டால், அதனை யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசையை அறிஞர்கள் ஆராய்ந்தனர். பெயர்களை அறிந்ததோடு அவர்கள் அமைந்தாரல்லர். ஒவ்வோர் அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும் நுணுகி நோக்கினர்.

இங்கேதான் வேறுபாடு புலப்படுகிறது. திருத்த வரலாறு பெயரைக் காட்டும். பெயருக்குரியவரின் நேர்மையைக் காட்டாது. பிறர் உழைப்பைத் தம்முடையதாக்கிக் கொள்வோரையும், பிழை செய்தவரைக் கூட்டத்தின் முன் நாணச் செய்வதற்கே அவ்வரலாற்றைப் புரட்டுவோரையும் அது தடுக்காது.

முடிவுரை

கலந்தாலோசனையைக் குறிக்கும் ‘ஷூரா’ என்னும் சொல் திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயத்திற்குப் பெயராக அமைந்துள்ளது. ஆலோசனை சிறப்பதற்குக் கூடியிருத்தல் மட்டும் போதாது. செவிமடுக்கும் பண்பும் வேண்டும். பலர் எழுதும் பக்கம் பலருடைய அமானிதம். அதில் பிறர் சொல்லைத் திருத்தும் உரிமை நமக்குண்டு. நம் சொல் திருத்தப்படும்பொழுது அதனை ஏற்கும் கடமையும் நமக்குண்டு. நாளை அலுவலகங்களில் அமரவிருக்கும் மாணவ மணிகள் கருவியை ஒருநாளில் கற்றுவிடலாம். இக்கடமையை இன்றே பழகத் தொடங்குதல் வேண்டும்.